கை வேலையில், வாய் சுருக்கத்தில்! (மாமு பதில்கள்)

"கூட்டாக வேலை செய்யும்போது மனுஷன் பேச்சு ஏன் மாறுது?" என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். "மாறாவிட்டால் வேலை நடக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைத் தூக்க ஓர் ஆள் வைக்கவேண்டியதாயிற்று. பினாங்குத் துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்கு எண்ணிய கிராணி நான். கடிதங்களையும் எண்ணிவிட்டேன். இனி பதில்.

● நாசி கண்டார் கடையில் எல்லாரும் "பஞ்சிர்" என்கிறார்களே, மலாயில் அது வெள்ளம் அல்லவா?
(சோற்று ரசிகர், ஆயர் ஈத்தாம்)

வெள்ளம்தான். இந்தத் தீவில் ஜனங்கள் வரிசையில் நின்று கேட்டு வாங்கும் ஒரே வெள்ளம்.

"மாமு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறால் குழம்பு எல்லாத்திலும் கொஞ்சம் எடுத்து, சோறு மூழ்குற மாதிரி ஊத்துங்க." இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவரின் பசி கோபமாக முற்றிவிடும். ஊற்றுகிற கையும் கேட்கிற வாயும் பல வருஷம் பழகிச் செய்துகொண்ட ஏற்பாடுதான் "பஞ்சிர்". ஒரு சொல், நாலு கரண்டி.

● கண்டார் என்றால்? யார் கண்டார்?
(குசும்பர், ஜெலுத்தோங்)

தோள் கண்டது. மலாயில் கண்டார் என்றால் காவடிபோல் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பது. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு. நம் தமிழ் முஸ்லிம் பெரியவர்கள் துறைமுகக் கூலிகளுக்கு அப்படித்தான் கொண்டுபோய் விற்றார்கள். வாங்குபவர் மூட்டை தூக்க ஓடவேண்டும். விற்பவர் அடுத்த படகுத்துறைக்கு நடக்கவேண்டும். இருவருக்கும் இலக்கணம் பார்க்க நேரமில்லை. சமையல் தமிழ், பெயர் மலாய், ஏப்பம் பொது.

● வேலை செய்யச் செய்யப் பேச்சு சுருங்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது வழக்கம்போல அளக்கிறீர்களா?
(சந்தேகப் பிராணி, பூலோ தீக்குஸ்)

அளந்தவர்கள் வேறு ஆட்கள். 1986, ஸ்டான்போர்டு. ஹெர்பர்ட் கிளார்க், டியானா வில்க்ஸ்-கிப்ஸ். இரண்டு பேரை நடுவே தடுப்பு வைத்து உட்காரவைத்தார்கள். ஆளுக்கு 12 படம். சீனத்து ஏழு துண்டு விளையாட்டில் வருமே, மனிதனா கோழியா என்று தெரியாத உருவங்கள், அவை. ஒருவர் வர்ணிக்க, மற்றவர் அதே வரிசையில் அடுக்கவேண்டும்.

முதல் சுற்றில் ஒரு படத்தை வர்ணிக்கச் சராசரி 41 சொல். அதே படங்களை ஆறாவது தடவை அடுக்கும்போது 8.

கல்யாணமான வருஷம் நீங்கள் வீட்டில் பேசியதையும் இப்போது பேசுவதையும் எண்ணிப் பாருங்கள். ஸ்டான்போர்டு வரை போகவேண்டாம்.

● என் மனைவி "அதை எடுத்து அதுல வைங்க" என்கிறாள். எதை எடுத்து எதில் வைப்பது?
(பெயர் போடாதீர்கள், குளுகோர்)

உங்கள் மாமியார் பக்கத்தில் இருந்தால் இந்நேரம் எடுத்து வைத்திருப்பார். அந்த இருவரும் சேர்ந்து ஆயிரம் தோசை சுட்டவர்கள். அவர்களுக்கு "அது" என்றால் கரண்டி. உங்களுக்கு "அது" என்றால் சுட்டுப்பெயர். அந்த அடுப்படியில் நீங்கள் கூட்டாளி அல்ல சார், விருந்தாளி.

● வீட்டு வேலைக்கு வந்த கொத்தனார் "கல்லு", "கலவை", "மட்டம்" என்று ஒற்றைச் சொல்லாகவே பேசுகிறார். வாக்கியமே வராதா?
(ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நிபோங் தெபால்)

வாத்தியாரய்யா, "கல்லு" என்றதும் சித்தாள் கல்லைத்தானே கொடுத்தார்? அப்படியென்றால் எழுவாய், பயனிலை எல்லாம் உள்ளேயே இருந்திருக்கிறது. சிவப்பு மையை மூடி வையுங்கள்.

லுட்விக் விட்கன்ஸ்டைன் என்று ஒரு தத்துவஞானி. அவர் இறந்த பிறகு 1953-ல் வந்த புத்தகத்தின் ஆரம்பத்திலேயே ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் வருகிறார்கள். கல், தூண், பலகை, உத்தரம்: மொத்தம் நாலே சொல் உள்ள பாஷை. இதுவும் ஒரு முழு மொழிதானா என்று மனிதர் மண்டையை உடைத்துக்கொண்டார். அவரே வியன்னாவில் அக்காவுக்காக ஒரு வீட்டை வடிவமைத்தவர். அங்கே எந்தக் கொத்தனாரிடம் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ!

நம் கொத்தனார் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. அதற்குள் கலவை காய்ந்துவிடும்.

● ஜார்ஜ் டவுனில் வேலை நடந்த பாஷை எது? தமிழா, மலாயா, ஹொக்கியனா?
(சுற்றுலா வழிகாட்டி, லெபோ பசார்)

தலையை நிமிர்த்தித் தெருப் பலகையைப் படியுங்கள். "காட் லெபோ சூலியா". காட் என்பது படித்துறைக்கு இந்துஸ்தானி. லெபோ மலாய். சூலியா, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் ஆட்களின் பெயர். ஒரு பலகையில் மூன்று துறைமுகம். அதன் கீழே நின்று சீனர் ஒருவர் கோய்த்தியாவ் கிளறிக்கொண்டிருப்பார்.

● தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்களைச் சொல்லுங்கள். பேச்சுப் போட்டிக்கு வேண்டும்.
(மாணவி, பட்டர்வொர்த்)

கப்பல், "காப்பால்" ஆயிற்று. பெட்டி, "பெத்தி". முதல், "மோடால்". கடை, "கெடாய்". கப்பலில் பெட்டியோடு வந்தான், முதல் போட்டான், கடை வைத்தான். நாலு சொல்லில் ஒரு வரலாறு. முதல் பரிசு உங்களுக்கே.

ஒன்றைக் கவனித்தீர்களா? முதலைக் கடன் கொடுத்த நம் ஆள், வட்டி என்ற சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. தன் கையிலேயே வைத்துக்கொண்டான்.

● கப்பலில் வேலை பார்த்த என் தாத்தா "தண்டல்" என்றால் நடுங்குவாராம். வட்டி வசூலா?
(பேரன், பிறை)

அந்தத் தண்டல் வேறு. இது ஆள்மேய்க்கும் தண்டல். நம் தோணிகளின் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். மலாயில் அதுவே "தண்டில்" ஆகிக் கூலிகளின் மேஸ்திரியைக் குறித்தது. ஆங்கிலேயன் "டிண்டல்" என்றான்.

பாய்மரக் கப்பலில் தமிழன், வங்காளி, மலாய்க்காரன், கோவாக்காரன் எல்லாரும் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். கட்டளை எந்த மொழியில்? எல்லா மொழியிலும் கொஞ்சம். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட அந்தக் கப்பலாட்களின் கதம்பத்துக்கு தாமஸ் ரோபக் என்பவர் 1811-லேயே ஓர் அகராதி போட்டார், ஆங்கிலமும் இந்துஸ்தானியுமாக, முழுக்கக் கப்பல் சொற்கள். துரைகளுக்காகத்தான். லஸ்கருக்கு அகராதி எதற்கு? அவனேதானே அகராதி.

என் காலத்துத் துறைமுகத்தில் சரக்கை இறக்கச் சொல்லும் சொல் "அரியா". போர்த்துக்கீசியரின் சொல், இறக்கு என்று அர்த்தம். போர்த்துக்கீசியன் கோட்டையை விட்டுப் போய் முந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அவன் சொல் மட்டும் எங்கள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அர்த்தம் தெரியாமல் கீழே நின்றவன் தலை தப்பாது.

● பசார் மாலாமில் "லேலோங்! லேலோங்!" என்று கத்துவது எந்த மொழி?
(காது வலிக்காரர், பாயான் பாரு)

அதுவும் போர்த்துக்கீசியம்தான். அங்கே "லெய்லாவ்". இங்கே "லேலோங்". நம் ஊரில் "ஏலம்". மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஏலம் விடுபவன் எந்த நாட்டிலும் மூச்சு விடமாட்டான், கவனித்தீர்களா? மூச்சு விட்டால் வாங்குபவன் யோசித்துவிடுவான்.

● "ஐலசா" என்றால் என்ன அர்த்தம் மாமு? அகராதியில் தேடிப் பார்த்துவிட்டேன்.
(ஆராய்ச்சியாளர், பினாங்கு)

கயிற்றைப் பிடிக்காதவர்தான் அகராதியைப் பிடிப்பார். பத்து முதுகுக்கும் "இப்ப!" என்று ஒரே நொடியில் சொல்லவேண்டும். அர்த்தம் இருந்தால் ஆளுக்கொரு நேரத்தில் புரியும், படகு நகராது.

● ஆபீஸ் மீட்டிங் எல்லாம் ஏன் ஆங்கிலத்திலேயே நடக்கிறது? இருப்பவர் எல்லாரும் மலேசியர்கள்தானே?
(இடைநிலை நிர்வாகி, பாயான் லெப்பாஸ்)

முக்கியமான கேள்வி. ஒரு தே தாரெக் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. நாம் என்றால் கேட்கிற நீயும் உண்டு. நாங்கள் என்றால் நீ இல்லை. மலாயிலும் "கீத்தா" வேறு, "காமி" வேறு. ஹொக்கியனும் ஆதியில் அப்படியே இரண்டாகப் பிரித்து வைத்த மொழிதான். ஆக, இந்த ஊரின் மூன்று பெரிய மொழிகளிலும் வேலையில் யார் உண்டு, யார் இல்லை என்பது வாய் திறந்ததும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஒரே ஒரு "வீ". "வீ மஸ்ட் ஃபினிஷ் பை ஃபிரைடே" என்று முதலாளி சொல்கிறார். அவரும் உட்காருவாரா? வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத்தான் தெரியும். அதற்காகவே அந்த மொழியில் மீட்டிங் வைக்கிறார்கள்.

● எங்கள் லைனில் மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிட்டோம். வீட்டில் அம்மா திட்டுகிறார்.
(நைட் ஷிஃப்ட் தங்கை, பாயான் லெப்பாஸ்)

அம்மாவை 1972-க்கு அழைத்துப் போங்கள். அந்த வருஷம்தான் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் பிறந்தது. இன்டெல் உள்ளிட்ட எட்டு கம்பெனிகள் முதலில் வந்தன, "எட்டு சாமுராய்" என்று பட்டம் வேறு. தோட்டத்துப் பெண்ணும் கம்பத்துப் பெண்ணும் புதுக்கிராமத்துப் பெண்ணும் ஒரே பஸ் கிலாங்கில், அதாவது ஆலை பஸ்ஸில், ஏறினார்கள். இறங்கும்போது எல்லாருக்கும் ஓ.டி. ஓ.டி.தான், ரிஜெக்ட் ரிஜெக்ட்தான்.

கிளாஸ்கோவில் சைமன் கராட், ஆண்டர்சன் என்று இரண்டு பேர் 1987-ல் ஜோடி ஜோடியாக ஆட்களை ஒரு கணினிப் புதிர்ப்பாதையில் விளையாடவிட்டார்கள். நான் எந்தக் கட்டத்தில் நிற்கிறேன் என்று கூட்டாளிக்குச் சொல்லவேண்டும். ஒரு ஜோடி வரிசை எண்ணிச் சொன்னது, இன்னொன்று பாதையைச் சொன்னது. கொஞ்ச நேரத்தில் ஜோடியில் இருவரும் ஒரே மாதிரி. "இப்படிப் பேசுவோம்" என்று உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டது அபூர்வம். வாய்க்கு வாய் தானாக ஒட்டிக்கொண்டது.

ஜலதோஷம் மாதிரிதான் தங்கச்சி. "ரிஜெக்ட்" சிப்பிலிருந்து கிளம்பி இப்போது மாப்பிள்ளை பார்க்கும் வீடு வரை வந்துவிட்டதாமே?

● சென்னையிலிருந்து போன் வந்தால் என் கணவர் உடனே சென்னைத் தமிழ் பேசுகிறார். நடிப்பா?
(மனைவி, தஞ்சோங் தோக்கோங்)

விற்பனைப் பிரிவில் இருக்கிறாரா? அப்படியென்றால் சம்பளம். 1984-ல் நிக்கோலஸ் கூப்லண்ட் என்பவர் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃபில் ஒரு டிராவல் ஏஜென்சிப் பெண்ணின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தார். எதிரே உட்காரும் வாடிக்கையாளர் எப்படி உச்சரிக்கிறாரோ அதன் பக்கமே அந்தப் பெண்ணின் உச்சரிப்பும் சாய்ந்தது. ஹவர்ட் கைல்ஸ் 1970-களிலேயே இதற்கு ஒரு கொள்கை கட்டியிருந்தார். பிடித்தவரிடம் நெருங்குவோம், பிடிக்காதவரிடம் வேண்டுமென்றே விலகுவோம், பேச்சிலேயே.

உங்களிடம் எந்தத் தமிழ் பேசுகிறார் என்று கடிதத்தில் எழுதவில்லையே.

● நெல் அளக்கும்போது ஒன்றுக்குப் பதில் "லாபம்" என்பார்களாமே?
(பாட்டி சொல் கேட்டவர், சுங்கை பட்டாணி)

ஆமாம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அளப்பவருக்கு மங்கலம், வாங்குபவருக்குச் சங்கடம். மாட்டுச் சந்தையில் இன்னும் விசேஷம். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் முடியும். சுற்றி நூறு பேர், ஒருவருக்கும் விலை தெரியாது. மாட்டுக்குக்கூட.

● காட்டுக்குள் போனால் சில சொற்களைச் சொல்லக்கூடாது என்கிறார்களே, மூடநம்பிக்கைதானே?
(பகுத்தறிவாளர், கூலிம்)

மலாய்க்காரக் கிழவர்கள் புலியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், "டத்தோ" என்பார்கள். நம் கிராமத்தில் ராத்திரி பாம்பு "பூச்சி" ஆகிவிடும். உச்சத்துக்குப் போனவர்கள் ஜொகூர்க் காட்டில் கர்ப்பூரம் தேடிய ஆட்கள். தேடும் நாட்களில் சாதாரண மலாய்ப் பேச்சுக்கே தடை. அதற்கென்று "பந்தாங் காப்பூர்" என்று தனி பாஷை. தவறிப் பேசினால் கர்ப்பூரம் கிடைக்காது. வால்டர் ஸ்கீட் 1900-ல் வெளியிட்ட மலாய் மந்திரங்கள் பற்றிய நூலில் இது வருகிறது.

மூடநம்பிக்கையா? இருக்கலாம். ஆனால் பத்து நாள் காட்டில் தப்பாமல் அதே பாஷையில் பேசுகிறவன்தான் நம் கூட்டத்து ஆள் என்று தெரியுமல்லவா? உங்கள் ஆபீஸில் "சினர்ஜி", "டெலிவரபிள்" என்கிறார்களே, அதில் எத்தனை பேருக்குக் கர்ப்பூரம் கிடைத்தது?

● மீனவர்கள் கடலில் என்ன பேசுவார்கள்?
(தூண்டில்காரர், தெலுக் பஹாங்)

கிழக்குக் கரையில் "ஜூரு செலாம்" என்று ஒருவர் இருந்தார். பாயாங் வலைக்காரர்களின் தலைவர். தண்ணீருக்குள் தலையை அமுக்கி மீன் போடும் சத்தத்தைக் கேட்பார். என்ன மீன், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கையை ஆட்டுவார், படகுகள் வளைக்கும். மீன் பேசியது, மனிதன் பேசவில்லை. வலையில் விழுந்தது யார் பாருங்கள்.

மாலினோவ்ஸ்கி 1923-ல் டிரோபிரியாண்ட் தீவு மீனவர்களைப் பற்றி எழுதியதும் இதே ரகம்தான். வலை வீசும் நேரத்துச் சொல் செய்தி சொல்வதற்கல்ல, அதுவே ஒரு துடுப்பு என்கிற மாதிரி. கரைக்கு வந்த பிறகுதான் கதை. அங்கே மீனுக்கு நீளம் கூடும்.

● சுருங்கப் பேசுவது எப்போதும் நல்லதா?
(பள்ளித் தலைமையாசிரியை, புக்கிட் மெர்த்தாஜாம்)

இல்லை. 1977 மார்ச் 27, தெனெரீஃப் விமான நிலையம், பனிமூட்டம். டச்சு விமானி "டேக் ஆஃப்" என்று சொன்னதை, இடத்தில் நிற்பதாகக் கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். விமானம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஜம்போ ஜெட்கள். 583 பேர்.

அதன் பிறகு "டேக் ஆஃப்" என்ற சொல்லை உண்மையில் பறக்க அனுமதி கொடுக்கும்போது மட்டுமே உச்சரிக்கவேண்டும் என்று வைத்தார்கள். மற்ற நேரமெல்லாம் "டிபார்ச்சர்". நாசி கண்டார் கடையில் "பஞ்சிர்" தப்பாகப் புரிந்தால் சட்டைதான் கறையாகும்.

● காப்பிக் கடைக்காரர்கள் ஏன் மறைமொழி பேசுகிறார்கள்?
(புதிதாகக் குடியேறியவர், ஜார்ஜ் டவுன்)

மறைக்க அல்ல, மறக்காமல் இருக்க. சிங்கப்பூரில் மைலோவுக்கு "தாக் கியூ" என்பார்கள். பந்தை உதை என்று அர்த்தம், டின்னில் பந்தாட்டப் படம். தேயிலைப் பைக்கு "தியாவ் ஹூ", மீன் பிடி. நூலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறோமே! சோயா பாலில் கறுப்புச் சிஞ்சாவ் கலந்தால் "மைக்கேல் ஜாக்சன்". விளக்கம் கேட்காதீர்கள்.

நம் பக்கம் எனக்குப் பிடித்தது "இக்காட் தெப்பி". ஓரத்தில் கட்டு. தே ஐஸை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, உறிஞ்சுகுழலுக்கு இடம் விட்டு ஒரு மூலையில் முடிச்சுப் போடுகிற கலை. இதை நல்ல தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். எழுதி முடிப்பதற்குள் ஐஸ் கரைந்துவிட்டது.

● எங்கள் மாமாக் கடையில் வங்காளதேசத் தம்பி என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார்!
(வெட்கப்பட்டவர், டத்தோ கிராமாட்)

அவருக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ஆர்டர். உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு தோசை. பயிற்சி யாருக்கு அதிகம்?

● கோயில் கொத்தோங் ரோயோங் கூட்டுப்பணியில் ஒரு பையன் தலைவரைப் பார்த்து "பிடிடா!" என்றுவிட்டான். தலைவர் டத்தோ வேறு. சிக்கலாகிவிட்டது.
(செயற்குழு உறுப்பினர், பிறை)

தூக்கியது என்ன?

"அண்டா" என்றால் மன்னிப்பு உண்டு. கொதிக்கும் சாம்பாரை இரண்டு பேர் தூக்கும்போது "டத்தோ அவர்கள் அன்புகூர்ந்து வலப்பக்கக் காதைப் பற்றவும்" என்று சொன்னால், டத்தோ அவர்களின் கால்தான் வேகும். பாரம் கையில் இருக்கும்வரை எல்லாரும் "டா". இறக்கி வைத்த அடுத்த நொடி "வாங்க, போங்க". மரியாதை எங்கும் ஓடிப்போகவில்லை, அண்டா இறங்கும்வரை ஓரமாக நின்றது.

துண்டைத் தூக்கும்போது சொல்லியிருந்தால் பையன் மீது நடவடிக்கை எடுங்கள்.

● போலீஸ்காரரை ஏன் எல்லாரும் "மாத்தா" என்கிறோம்?
(டாக்ஸி அண்ணன், ஜெலுத்தோங்)

மலாயில் கண். ஹொக்கியன்காரரும் அதையே சொல்கிறார், நாமும் சொல்கிறோம். மூன்று இனமும் சேர்ந்து செய்த வேலை, ஓடுவது.

● ஜப்பான்காரன் ஆண்ட காலத்துச் சொல் ஏதாவது மிச்சம் உண்டா?
(வரலாற்று ஆர்வலர், ஆயர் ஈத்தாம்)

"பாக்கேரோ". பெரியவர்கள் கோபம் வந்தால் இன்னும் சொல்வார்கள். முட்டாள் என்று திட்டு. மூன்றரை வருஷம் கூடவே வைத்து வேலை வாங்கியவன் விட்டுப் போனது வசவு ஒன்று. கூடி வேலை செய்தவனிடமிருந்து பெட்டியும் கடையும் வரும், வேலை வாங்கியவனிடமிருந்து இதுதான் வரும்.

● "ஐயோ" ஆங்கிலமாகிவிட்டதாமே?
(கவலைப்படுபவர், பட்டர்வொர்த்)

2016-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி "ஐயோ"வைச் சேர்த்துக்கொண்டது. சீனர் தனது என்கிறார், நாம் நமது என்கிறோம். ஒரே கடையில் ஒரே நேரத்தில் பில்லைப் பார்த்தவர்கள் வேறு எப்படிக் கத்தியிருப்பார்கள்?

● இந்தப் பேச்செல்லாம் ஒலிக்கிற தமிழ் நாவல் ஏதாவது உண்டா?
(வாசக நண்பர், குளுகோர்)

ப. சிங்காரத்தின் "புயலிலே ஒரு தோணி". 1972-ல் வந்தது. போர்க்காலத்து மேடான், பினாங்கு, செட்டியார் கடைப் பையன்கள், கணக்கப்பிள்ளைத் தமிழ், மலாய்க் கடைவீதி எல்லாம் ஒரே மூச்சில். எழுதியவர் சின்ன வயதில் இந்தோனேசியாவுக்குக் கடை வேலைக்கு வந்தவர். கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் காது வரும். இரவல் கொடுக்காதீர்கள், திரும்பி வராது. என்னுடையது வரவில்லை.

● என் போனில் வழி சொல்லும் பெண் "ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங்" என்பதைப் படாதபாடு படுத்துகிறாள். கூடவே பயணம் செய்தும் ஏன் மாறவில்லை?
(காரோட்டி, பாயான் பாரு)

அவள் பாதை சொல்கிறாள், உங்களோடு வேலை செய்யவில்லை. வழி தவறினால் உங்களுக்குத்தான் பெட்ரோல் செலவு. ஒரு தடவை பெனால்டி கட்டச் சொல்லுங்கள், நாளைக்கே ஹொக்கியனும் பேசுவாள்.

● இவ்வளவு பேசுகிறீர்களே மாமு, நீங்கள் கடைக்குப் போனால் எப்படி ஆர்டர் கொடுப்பீர்கள்?
(ஓர் அனுதாபி, பினாங்கு வீதி)

ஒன்றும் சொல்வதில்லை. உட்கார்ந்து ஒரு விரலைத் தூக்குவேன், தே ஓ கோசோங் வந்துவிடும். இருபது வருஷப் பழக்கம். போன வாரம் ஈயை விரட்ட விரலைத் தூக்கினேன். அதற்கும் ஒன்று வந்தது. குடித்துவிட்டேன்.